வானொலியின் ஒலியைக் கூட்டும் வைத்தியம்

1989 முதல் அமெரிக்காவின் டாட்ஜ் பிக்கப்புகளில் பொருத்தப்பட்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் சளைக்காது என்பதில் உரிமையாளருக்குள்ள நம்பிக்கை, ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒருசேரச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் கொண்ட ஒற்றைப் பெல்ட் கீச்சிடத் தொடங்கும்போதும் குலைவதில்லை. முதற்கட்ட சிகிச்சையாக அவர் வானொலியின் ஒலியைக் கூட்டுகிறார். அடுத்து வாங்கிய புதிய பெல்ட்டும் கீச்சிட்டால், பெல்ட் செய்பவர்களிடம் நாணயம் போய்விட்டது என்று தீர்ப்பாகிறது. ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க, சத்தம் அடங்கிப் பின் திரும்புமாயின் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்றும், மிகுமாயின் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் வில்லமைப்பான டென்ஷனர் தளர்ந்துள்ளது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். பெல்ட்டைக் கழற்றிப் புல்லிகளைக் கையால் சுழற்றினாலோ, தேய்ந்த பேரிங் கரகரத்துத் தானே குற்றத்தை ஒப்புக்கொள்ளும். செலவே இல்லாத சோதனையை எப்படி நம்புவது என்று எண்ணும் உரிமையாளர், மூன்றாவது பெல்ட்டுக்குப் பணம் கட்டுகிறார்.