அரக்குத் தட்டில் மூன்று நிமிடம்

கே: ராபர்ட் ஜான்சனை ப்ளூஸ் கிடாரின் அரசன் என்கிறார்கள். அவருக்கு இணையாக நம் பக்கத்தில் யாரைச் சொல்வீர்கள்?
- வாசகர், திண்டிவனம்

ப: வீணை தனம்மாளை. ஜான்சன் மிசிசிப்பியில் 1938 ஆகஸ்ட் 16-ல் இறந்தார். தனம்மாள் சென்னையில் அதே ஆண்டு அக்டோபர் 15-ல். அவர் 27 வயது நாடோடி, இவர் எழுபதைத் தாண்டிய மூதாட்டி. இருவரும் தந்தியை மீட்டிக்கொண்டே பாடியவர்கள். இருவரும் விட்டுப்போன தட்டுகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை இன்றைக்கும் பாடமாக வைத்துக் கேட்கிறார்கள்.

கே: நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானுக்கு உயிரை விற்றுத்தான் ஜான்சன் கிடார் கற்றாராமே? எங்கள் நான்கு முனை சந்திப்பில் நின்றால் எனக்கும் வருமா?
- வாசகர், விழுப்புரம்

ப: பேருந்து வரும். ஜான்சனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐக் ஜின்னர்மன் என்ற கிடார்க்காரர். இருவரும் இரவில் இடுகாட்டில் உட்கார்ந்து பழகினார்கள் என்பார்கள்; அங்கேதான் யாரும் சத்தம் போடாதே என்று சொல்ல மாட்டார்கள். தொடக்கத்தில் ஜான்சன் வாசிப்பைக் கேட்டு எரிச்சல்பட்ட மூத்த ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸ், அவர் ஊருக்குத் திரும்பி வந்து வாசித்தபோது வாயடைத்துப் போனார். இடையில் நடந்தது சாதகம். பருத்திக்காட்டு மண்ணில் வளர்ந்த ஒரு கறுப்பின இளைஞன் விரல் தேயப் பெற்ற வித்தை அது. அதைப் பேயின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

கே: அந்தக் காலத்துத் தட்டுகளில் ஏன் மூன்றே நிமிடம்?
- வாசகர், ஒலக்கூர்

ப: நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் தாங்கும். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் சாவகாசமாக வாசித்த தனம்மாள், 1930-களில் தட்டுக்காக ராகத்தை அதற்குள் அடக்க வேண்டியிருந்தது. ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் பதிந்த 29 பாடல்களும் இந்த அளவுக்குள்தான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தட்டு செய்யும் அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது. நம் மரங்களில் ஒட்டி வாழும் பூச்சியின் பிசின், மிசிசிப்பிக்காரரின் துயரத்தைச் சுமந்திருக்கலாம்.

கே: தனம்மாள் தட்டில் வீணை மெல்லியதாகக் கேட்கிறது. பதிவில் கோளாறா?
- வாசகர், மயிலம்

ப: இல்லை, அவர் வாசிப்பே மெல்லியது. விரலில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் வெறும் நகத்தால் மீட்டியவர். பெரிய வித்வான்களே அவர் வீட்டுக் கூடத்தில் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். 1925-க்கு முன் ஒலிப்பதிவு என்றால் புனலுக்கு முன்னால் உரக்கப் பாட வேண்டும். மின் ஒலிவாங்கி வந்த பிறகே இப்படிப்பட்ட வாசிப்புக்குத் தட்டில் இடம் கிடைத்தது. ஆகவே சத்தத்தைக் கூட்டாதீர்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

கே: ப்ளூஸ்காரர்கள் பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு தந்தியில் வழுக்குகிறார்களே, அது நம்மிடம் உண்டா?
- வாசகர், வளவனூர்

ப: உண்டு. கோட்டுவாத்தியம், சித்திரவீணை என்றும் சொல்வார்கள். வீணையில் இருப்பதுபோல் மெட்டு கிடையாது. உருட்டுக் கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிப்பது. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் போகும் வழிதான் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் உயிர். நாம் அதைக் கமகம் என்கிறோம்.

கே: ஜான்சனுக்கு எரிக் கிளாப்டன் போன்ற வாரிசுகள் கிடைத்தார்கள். தனம்மாளுக்கு?
- வாசகர், செஞ்சி

ப: அவர் வீடே வாரிசுகளால் நிறைந்தது. பரதத்தின் பாலசரஸ்வதி, பதங்களின் பிருந்தா, முக்தா மூவரும் பேத்திகள். பேரன் விஸ்வநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் புல்லாங்குழலும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். அருணா சாய்ராம் பிருந்தாவிடம் பயின்றவர். ஜான்சனுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. இறந்து 23 ஆண்டுகள் கழித்து, 1961-ல், அவர் பாடல்கள் நெடுந்தட்டாக வெளிவந்தன. அதைக் கேட்டுக் கடல் தாண்டிப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவரைக் குடும்பம் காத்தது, மற்றவரைத் தட்டு காத்தது.

கே: ப்ளூஸ் துயரத்தின் பாட்டு. எங்கள் வட்டாரத்தில் அதற்கு என்ன பெயர்?
- வாசகர், விக்கிரவாண்டி

ப: பாரத விழா நடக்கும் ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்குப் படுகளத்தன்று போங்கள். மண்ணில் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தருகே எழும் ஒப்பாரியைக் கேளுங்கள். இரவெல்லாம் நடந்த கூத்தில் முகவீணை ஊதியவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பெயரில் வீணை இருந்தாலும் அது குழல். நெஞ்சைப் பிசைவதில் எந்தக் கிடாருக்கும் குறைந்ததல்ல. அவருக்கும் குடும்பம் இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் கூத்துக்கு வருகிறார்களா? வரவில்லை என்றால் அவரைக் காக்கப் பதிவு ஒன்றுதான் மிச்சம்.

கே: கல்லூரி மாணவன் நான். என்னால் என்ன ஆகும்?
- வாசகர், மரக்காணம்

ப: எல்லாம் ஆகும். ஜான்சனைப் பதிவு செய்யக் கம்பெனி வர வேண்டியிருந்தது. உங்களுக்குச் சட்டைப்பையில் செல்பேசி போதும். மூன்று நிமிடக் கட்டுப்பாடும் இல்லை, விடிய விடியப் பதியலாம். கூத்து வாத்தியாரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். பதிந்ததில் ஒரு படி அவர் வீட்டில் இருக்கட்டும். கோப்புக்கு அவர் பெயர், ஊர், குரு, தேதி நான்கையும் எழுதுங்கள். பெயரில்லாத பாட்டைத்தான் பேய் வந்து தூக்கிக்கொண்டு போகும்.