குடும்பம் பாக்கவும் ஒரு வகுப்பாம்!

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா எங்க கெளம்பிட்ட? "வேலையையும் குடும்பத்தையும் சமமாப் பாத்துக்கிறது எப்படி"ன்னு ஆபீஸ்ல வகுப்பு நடத்துறாகளா? சரிதான். பொண்டாட்டி புள்ளயோட இருக்கக் கெடச்ச ஒரு நாளையும் புடுங்கிக்கிட்டு, பொண்டாட்டி புள்ளயோட இருன்னு பாடம் நடத்துறானே, அவன்தாம்ல கெட்டிக்காரன்! மத்தியானம் பிரியாணியாவது போடுவானா?

ஒன் வீட்டு ஃபிரிட்ஜுல ஒட்டியிருக்க காயிதத்தப் பாத்தேன். பச்சையில ஒன் பேரு, செவப்புல அவ பேரு, மஞ்சள்ல புள்ள பேரு. நம்ம ஊரு கோயில் கொடைக்குக்கூட இம்புட்டு வெவரமா நோட்டீசு அடிச்சதில்ல. ராத்திரி எட்டரைக்கு 'குவாலிட்டி டைம்'னு போட்டுருக்கு. புள்ள எட்டு மணிக்கே தூங்கிருச்சு. அதுக்கு எவன் போய்ச் சொல்றது, காயிதத்தப் படிச்சுட்டுத் தூங்குன்னு?

ஒடனே, "அந்தக் காலத்துல..."ன்னு கெழவன் இழுக்கப் போறான்னு நெனைக்காத. ஒங்க அப்பத்தாளும் வேலைக்குப் போனவதான். வேப்பங்கொப்புல தூளியக் கட்டி, கைப்புள்ளயப் போட்டுட்டு, பருத்திக் காட்டுல களையெடுத்தா. அழுகைச் சத்தம் கேட்டா ஓடியாந்து பால் குடுப்பா, மறுபடி நெரைக்கு ஓடுவா. சினிமாவுல பாத்தா அழகாத்தான் இருக்கும். எறும்பு கடிச்சது தூளிக்குள்ள கெடந்தவனுக்குத்தான தெரியும்?

கொஞ்சம் வளந்த புள்ளய யாரு பாத்தாங்கிற? மூத்த பொட்டப்புள்ள. எட்டு வயசுல தம்பிய இடுப்புல ஏத்துனவ, பள்ளிக்கூடத்து வாசலயே மிதிக்கல. ஒங்க பெரியத்தை ஏன் கைநாட்டு வைக்கிறான்னு கேட்டியே, இதான் காரணம்.

பெறகு பால்வாடி வந்துச்சு. 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு போட்டாரு. புள்ள அங்கன சோறு தின்னுச்சு, ஆத்தா நிம்மதியாக் களையெடுத்தா. இப்ப 2022-லருந்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடும் போடுறாக. வெள்ளன எந்திரிச்சுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடுற பொம்பளயக் கேட்டுப் பாரு, எந்த வகுப்பு அவளுக்கு ஒதவுச்சுன்னு. புள்ளைக்குச் சோறு, பாத்துக்கிட ஒரு ஆளு. அம்புட்டுதான் அவ கேட்டா.

ஒங்க கம்பெனிக்கும் சட்டம் இருக்குல்ல? 2017-ல திருத்தி, பேறுகால லீவ 26 வாரமாக்குனாக, மொத ரெண்டு புள்ளைக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்குற எடத்துல புள்ள காப்பகம் வைக்கணும், ஆத்தாக்காரி நாளைக்கு நாலு தடவ போய்ப் பாத்துக்கிடலாம்னும் எழுதிவச்சாக. ஒன் ஆபீஸ்ல அந்த ரூமு எங்கன இருக்குலே? பந்து தட்டுற ரூமு தெரியும். காப்பி மிசினு ரூமு தெரியும். தொட்டில் ரூமு மட்டும் ஒருத்தனுக்கும் தெரியல. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகுமா?

அப்பன்காரனுக்கு என்ன குடுத்தாக? மத்திய சர்க்காரு உத்தியோகஸ்தன்னா 15 நாளு. ஒன்ன மாதிரி தனியார் ஆளுக்குச் சட்டத்துல ஒரு நாளுகூட இல்ல, மொதலாளி மனசு வச்சாத்தான். புள்ள பொறந்தது ஆத்தாளுக்கு மட்டும்னு நெனச்சுட்டாக போல.

நீயும் லேசுப்பட்டவன் இல்ல. ஒரு தட்டக் கழுவுன, அத போட்டோ எடுத்து வாட்ஸப்புல போட்ட. அவ மூணு வேளையும் கழுவுறாளே, எவன் போட்டோ எடுத்தான்? 2019-ல சர்க்காரே வீடு வீடாப் போய்க் கணக்கெடுத்துச்சு. வீட்டு வேல பாக்குற பொம்பளைக்கு அதுல போற நேரம் நாளைக்கு 299 நிமிசம். ஆம்பளைக்கு 97. அதுவும் வேலயத் தொட்ட ஆம்பளைக கணக்குதான். தொட்டதே நாலுல ஒருத்தன்! மத்த மூணு பேரும் என்ன பண்ணுனாக? 'பேலன்ஸ்' பத்தி வீடியோ பாத்துருப்பாக.

ரெட்டை மாடு பூட்டுன ஏர்ல ஒரு மாடு படுத்துக்கிட்டா, இன்னொண்ணுக்குச் சமமா நடக்கப் பாடஞ் சொல்லிக் குடுத்து என்ன புண்ணியம்? படுத்தத எழுப்புலே!

அதனால கெழவன் பேச்சக் கேளு. வேல நேரம் முடிஞ்சா ஆபீஸ்ல இருந்து எந்திரி. செல்போன அலமாரியில வையி. புள்ளைக்குக் காச்சலடிச்சா இந்தத் தடவ நீ லீவு போடு. தொட்டில் ரூமு எங்கடான்னு மேனேஜரக் கேளு. ஒத்தையில கேக்கப் பயமா இருந்தா, நாலு பேராச் சேந்து கேளுங்க. இப்பப் போய் அரிசியக் களைஞ்சு ஒலையில போடு. அவ செத்த நேரம் உக்காரட்டும்.