மேடைக்கு இரண்டு மாம்பழம்

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவில் இசை நாடகம் போடச் சொல்லிவிட்டார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஓர் ஆசிரியை, காரைக்கால்

பதில்: கொல்லன் தெருவில் நின்றுகொண்டு ஊசி எங்கே கிடைக்கும் என்கிறீர்களே, டீச்சர்!

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களில் அச்சேறியதே, உங்கள் ஊரில் இருந்த சீசய்யா என்ற பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியால்தான். நந்தனாரை ஆட்டிவைக்கும் வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது. பாரதியார் படைத்த வில்லன். பையன்களுக்கு மகரக்கட்டு என்றால் கவலை வேண்டாம். 1935-இல் சினிமாவில் நந்தனாராக நடித்தவரே கே.பி.சுந்தராம்பாள்தான். ஆனால் தீண்டாமையும் தீயில் இறங்குவதும் வரும் கதை. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெம்பு இருந்தால் இறங்குங்கள்.

இல்லையென்றால், காரைக்கால் அம்மையார். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் ஊரே பார்க்கிற கதை என்பதால் யாருக்கும் விளக்க வேண்டாம். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களுக்கு நட்டபாடை, இந்தளம் என்று பண்ணும் தயார். எல்லாவற்றையும்விட, ஆலங்காட்டுப் பேய்க் கூட்டத்தில் எத்தனை பேருக்கும் இடமுண்டு; 'என் பிள்ளைக்கு வேஷமில்லையா?' என்று எந்தப் பெற்றோரும் கேட்க முடியாது. ஆறாம் வகுப்புக்கு அதில் ஒத்திகையும் தேவைப்படாது.

மாம்பழத்தை மட்டும் மண்ணில் செய்து வையுங்கள். நிஜப் பழமென்றால், அம்மையாரின் கணவன் பரமதத்தன் சாப்பிட உட்காருவதற்குள் இரண்டும் காணாமல் போய்விடும்.