ரவுட்டர் சித்தியார்: பரபக்கமும் சுபக்கமும்

13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலைச் செய்த அருணந்தி சிவாசாரியார், பிறர் கொள்கையை மறுக்கப் பரபக்கம், தம் கொள்கையை நிறுவச் சுபக்கம் என அதை இரண்டாகப் பகுத்தார். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் எழும் "லேக் அடிக்குதும்மா!" என்ற ஓலத்தை ஆராய இதைவிடத் தக்க முறை கிடையாது. சித்தாந்தத்தில் போலவே இங்கும் பொருள்கள் மூன்றே. பதி, எங்கோ குளிர்சாதன அறையில் வீற்றிருக்கும் கேம் சர்வர். பசு, ஹெட்போன் மாட்டி நாற்காலியில் குந்தியிருக்கும் பிள்ளை. பாசம், இருவரையும் சேரவிடாமல் நடுவில் நிற்பவை அனைத்தும்.

பரபக்கத்தில் முதலில் மறுதொடக்கவாதிகள். சுவிட்சை அணைத்துப் பத்து எண்ணிப் போட்டால் பிணி தீரும் என்பர். சில நேரம் தீரவும் தீரும். விழித்தெழும் ரவுட்டர் கூட்டம் குறைந்த சேனலைத் தேடிக்கொள்ளும். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். தேக்கா சந்தைக்கு மேலே நிற்கும் அடுக்குமாடியில் ஒரு தளத்துக்கே அது காணாது.

அடுத்து ஆன்டெனாவாதிகள். இவர்களின் திருத்தலம் ரோச்சோரில் உள்ள சிம் லிம் ஸ்குவேர். அங்கிருந்து எட்டுக் கொம்பு முளைத்த ரவுட்டரைச் சுமந்து வந்து, கொம்பின் நுனியைப் பிள்ளையின் அறைக்கு நேராகத் திருப்பி வைப்பர். அவ்வகைக் கொம்பிலிருந்து அலை பக்கவாட்டில் பரவுமேயன்றி நுனிவழிப் பாயாது. குறிபார்த்த திசைதான் அதிகம் வறண்டு கிடக்கும்.

வேகவாதிகளைச் சற்று நின்று மறுக்க வேண்டும். ஊரில் பெரும்பான்மையர் அவர்களே, மாதச் சந்தா கட்டுவோரும் அவர்களே. 1 ஜிகாபிட் போதாமல்தான் லேக், 10க்கு மாறினால் ஒழியும் என்பது அவர்கள் துணிபு. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024இல், கட்டமைப்பை 10 ஜிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக அறிவித்ததும் அவர்கள் குரல் ஓங்கிவிட்டது. அற்றன்று. என்னை? விளையாட்டு நொடிக்கு அனுப்புவதும் பெறுவதும் பெரும்பாலும் 1 மெகாபிட்டுக்கும் குறைவு. அதற்கு வேண்டியது நேரம் தவறாமை. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் ஓடும். சர்வர் உள்ளூரில் இருந்தால், துவாஸுக்கும் சாங்கிக்கும் இடையே 50 கிலோமீட்டர் போய்வர அரை மில்லிசெகண்ட். 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கம்பியின் நீளம் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிசெகண்ட். பிள்ளையின் திரையில் போய்வரும் நேரமான பிங் 200 மில்லிசெகண்ட் காட்டுகிறதென்றால், அதற்குள் ஒளி ஆறு முறை சென்னைக்குப் போய்த் திரும்பிவிடும். அந்த 200இல் பெரும்பகுதி தொலைந்தது ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள பத்து மீட்டரில். ஐயமுறுவோர் முதலில் தம் ரவுட்டரையே பிங் செய்து பார்க்க. அங்கேயே எண் துள்ளினால் நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்திப் பயனில்லை.

இனிச் சுபக்கம். பாசமாகிய மும்மலங்களுள் மாயையாவது, வைஃபை அடையாளத்தில் நிறைந்து நிற்கும் கோடுகள். அலை எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அவை காட்டும். அதே சேனலில் எத்தனை வீட்டார் வாய் திறக்கக் காத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டா. இதனோடு பாம் ஷெல்டரையும் சேர்த்தெண்ணுக. 1990களின் பிற்பகுதி முதல் கட்டப்பட்ட வீவக வீடுகளில் உள்ள இக்கனத்த கான்கிரீட் அறை, எஃகுக் கதவுடன், குண்டைத் தடுக்க எழுந்தது. அன்றாடம் தடுப்பது 5 கிகாஹெர்ட்ஸை. அரிசி மூட்டையும் தீபாவளி முறுக்கு டின்னும் உள்ளே பத்திரமாக உள்ளன. ரவுட்டரையும் அங்கேயே வைத்துக் கதவைச் சாத்துவோர் உளர். அவரொடு வாதிடல் மரபன்று.

கன்மமாவது, வீட்டார் செய்வினை. அக்கா கல்யாண வீடியோவை மேலேற்றுகிறாள். அப்பாவின் போன் அதே வேளையில் தன் படங்களையெல்லாம் காப்புப் பிரதி எடுக்கிறது. ரவுட்டருக்கோ எந்தப் பாக்கெட்டையும் கைவிட மனம் வராது. எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திவிடும். கேமின் குட்டிப் பாக்கெட், முஸ்தபா கடையில் ஒரே ஒரு சோப்பு வாங்கியவர் தள்ளுவண்டிக் குடும்பங்களுக்குப் பின்னால் நிற்பதுபோல் நிற்கும். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் இதற்கு மருந்து கண்டனர்: வரிசையின் நீளத்தைப் பாராமல், ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துக் கிடந்த நேரத்தைப் பார்த்து ஒழுங்குபடுத்துவது. ரவுட்டர் அமைப்பில் அவ்வசதி இருந்தால் இயக்குக. ஜிகாபிட் இழையில் இவ்வரிசை சேர்வது குறைவு. பெரும்பாலும் வைஃபையின் வாசலில்தான் சேரும்.

ஆகவே முடிபு, கம்பி. கேட் 6 கம்பி ஒன்று 100 மீட்டர் வரை தாங்கும். வீட்டில் அதில் கால்வாசியும் செலவாகாது. 2000களில் சிலிகி ரோட்டு பார்க்லேனில் லேன் கடை வைத்திருந்த முன்னோரும் கம்பியாலேயே உய்ந்தனர். புதிய வீவக வீடுகள் பலவற்றில் அறைக்கு அறை லேன் பாயின்ட் உண்டு. என்ன, அது அலமாரிக்குப் பின்னால் இருக்கும். இல்லாத வீட்டில் அம்மா எழுப்பும் தடை ஒன்றுண்டு: "சாமி மாடத்துக்குக் கீழே வயரா?" இதற்குத் தர்க்கத்தில் விடையில்லை. சுவரின் அடியோரமாக வெள்ளை டிரங்கிங் ஒட்டி, சாமி மாடத்தைச் சுற்றிப் போகவேண்டியதுதான்.

எஞ்சுவது ஆணவம். கம்பியால் மாயை விலகும், வரிசை ஒழுங்கால் கன்மம் கழியும். சித்தாந்தத்தின்படி ஆணவமோ அழிவதில்லை, வலி குன்றி அடங்கும். பிங் 4இலேயே அசையாமல் நின்ற ஆட்டத்திலும் தோற்றுவிட்டு, லேக்தான் காரணம் என்பான் பிள்ளை. பதிவை எடுத்துக் காட்டினால் மவுஸ் சரியில்லை என்பான். மவுஸ் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.