காலி எடை

நான் எடை மேடையில் கணக்கு எழுதுகிறவன். வாளையாரிலிருந்து கஞ்சிக்கோடு போகும் வழியில் வீடு. எல்லை தாண்டி மதுக்கரைப் பக்கம் வேலை. லாரி ஏறும், எண் நிற்கும், காலி எடையைக் கழிப்பேன், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். இருபது வருஷத்தில் கணக்குத் தப்பு என்று எந்த டிரைவரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இனிமேல் வருவதெல்லாம் மானம் போன கதை.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஜூனில் பள்ளி திறந்ததும் பி.டி. மாஷ் அவள் பெயரை ஜூனியர் பெண்கள் 3000 மீட்டருக்கு எழுதிக்கொண்டார். உபஜில்லாப் போட்டி அக்டோபரில். "பயிற்சியை நான் பார்த்துக்கறேன்" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்கு முன்னுதாரணம் இருந்தது. பாலக்காட்டு நீளம் தாண்டும் வீரர் ஸ்ரீசங்கர் 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கியபோது, அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய அப்பா முரளி. நானும் ஓர் அப்பாதானே? வீட்டுக்காரி ஒரே ஒரு வித்தியாசத்தைச் சொன்னாள். முரளி தெற்காசியப் போட்டியில் மும்முறைத் தாண்டலில் வெள்ளி வாங்கியவர். நான் இதுவரை தாண்டியது வாளையார் சோதனைச் சாவடி மட்டும்தான்.

முதல் சறுக்கல் ஷூவில். கோவை ஒப்பணக்காரத் தெருவில் வாங்கினேன். அவளுக்கு ஐந்தாம் நம்பர் கால். வளர்கிற பிள்ளை என்று ஏழாம் நம்பர் எடுத்து, முன்னால் பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைக்கிற புத்தி. நான்காம் நாள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம், பெருவிரல் நகம் கறுப்பு. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு வாரம் ஓட்டினேன், என் கால் இல்லை என்ற தைரியத்தில்.

இரண்டாவது யானை. விடியுமுன் ஓடினால்தான் மூச்சு பெருகும் என்று எங்கேயோ கேட்டு, நாலரை மணிக்கே எழுப்பிக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் காடு. மூன்றாம் நாள் ரோட்டில் ஆவி பறக்கும் லத்தி. டிவிஎஸ் ஃபிஃப்டியைத் திருப்பி வேகமெடுத்துவிட்டேன். பின்னால் யாரும் உட்காரவில்லை என்பது இருநூறு மீட்டர் போன பிறகுதான் உறைத்தது. அவள் பின்னாலேயே ஓடி வந்து, என்னைத் தாண்டி, வீட்டில் எனக்கு முன்னால் இருந்தாள். அதுவரை அவள் ஓடியதிலேயே நல்ல ஓட்டம் அதுதான். நோட்டில் குறித்துவைக்க எனக்கு முகமில்லை.

நோட்டு என்றேன். நாற்பது பக்க நோட்டு, கோடு போட்டது. நெடுஞ்சாலையின் ஓரச் சாலையில் வீட்டிலிருந்து கிழக்கே, சாவடிப் பக்கமாக ஒரு கிலோமீட்டர்; திரும்பி ஒரு கிலோமீட்டர். 'போகும்போது', 'வரும்போது' என்று இரண்டு கட்டம். போகும்போது 3 நிமிடம் 40 விநாடி. நம்ப முடியாமல் அடுத்த நாளும் பார்த்தேன்: 3:42.

அன்றைக்கு ராத்திரி பிரீஜா ஸ்ரீதரனின் கணக்கை எடுத்தேன். இடுக்கி முல்லக்கானத்துக்காரர், பாலக்காட்டு ரயில்வேயில் வேலை பார்த்தவர். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 3:11. வித்தியாசம் அரை நிமிடத்துக்கும் குறைவு! அக்டோபருக்குள் கறந்துவிடலாம் என்று தோன்றியது. "அவங்க அதே வேகத்துல பத்து கிலோமீட்டர் சேர்த்து ஓடினாங்கப்பா" என்றாள் மகள். காதில் வாங்கவில்லை.

இடித்தது 'வரும்போது' கட்டம்தான். 4:35, 4:40, ஒருநாள் 4:52. ஒரு கிலோமீட்டரில் களைத்துப்போகிற பிள்ளை மூன்று எப்படி ஓடும்? சத்துக் குறைவு என்று முடிவு கட்டினேன். அவித்த நேந்திரம்பழம், முட்டை, பாதாம் பால். ஓட்டத்துக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் ஊட்டியதில் ஒருநாள் ஓரமாக நின்று வாந்தி எடுத்தாள். அதற்கும் திட்டினேன். "போகும்போது இருக்கிற மனசு வரும்போது ஏன் இல்லை?" என்று ஒரு மாதம் அவள் முதுகுக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. ஓடுகிறவளுக்கு மூச்சு வேண்டும். வண்டியில் வருகிறவனுக்குப் பேச்சுதானே வேலை.

உண்மை ஒரு டீக்கடையில் கிடைத்தது. என் புலம்பலைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் சொன்னார்: "ஏனுங், கஞ்சிக்கோட்டுக் காத்தாடியெல்லாம் இப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"மேக்க பாத்து."

"அப்ப புள்ளை வூட்டுக்குத் திரும்பறது?"

டீ ஆறிப்போனது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து இந்த வாசலில்தான் நெருக்கியடித்து நுழைகிறது. மின்வாரியம் இங்கே காற்றாலை நட்டது சும்மாவா? ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பது பழமொழி. முப்பத்தெட்டு கிலோ பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. வரும்போது மார்பில் கை வைத்து நிறுத்தியிருக்கிறது. 3:40-ம் அவளுடையதில்லை, 4:40-ம் அவளுடையதில்லை.

இதற்கு உலக அளவில் விதியே இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2011-ல் பாஸ்டன் மாரத்தானை கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. ஆனாலும் உலக சாதனையாக ஏற்கவில்லை. அந்தப் பாதை ஓர் ஊரில் தொடங்கி வேறொரு ஊரில் முடிகிறது, மொத்தத்தில் இறக்கம், அன்றைக்குக் காற்றும் முதுகில். தொடங்குமிடமும் முடியுமிடமும் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருந்தால் சாதனைக் கணக்கில் சேராது என்பது சாலை ஓட்டத்தின் விதி. அதாவது, காலி எடையைக் கழித்துவிட்டுத்தான் சரக்கைப் பேச வேண்டும். லாரிக்கு லாரி அதைச் செய்கிறவன் சொந்தப் பிள்ளைக்குச் செய்யவில்லை.

இதோடு திருந்தியிருந்தால் கட்டுரை இங்கே முடிந்திருக்கும். அக்டோபர் வந்தது. மைதானத்தில் 200 மீட்டர் வட்டம். 3000 மீட்டருக்குப் பதினைந்து சுற்று. மகள் ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலில் நின்றாள். கயிற்றுக்கு வெளியே நின்று சுற்று எண்ணும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன், கணக்கில் புலி ஆயிற்றே. எட்டாவது சுற்றில் பக்கத்தில் இருந்தவரிடம் ஷூ விலையைச் சொன்னதில் ஒரு சுற்று கூடிப்போனது. பதின்மூன்று முடிந்ததும், "கடைசி ரவுண்டு கண்ணு, விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் நம்பிவிட்டாள். இருந்ததையெல்லாம் கொட்டி இரண்டாவது இடத்துக்கு வந்தாள். அப்போதுதான் கடைசிச் சுற்று மணி அடித்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எந்த நோட்டிலும் எழுத முடியாது. நான்காவதாக வந்தாள். மேடையில் மூன்று படிதான்.

வீடு திரும்பும்போது வண்டியில் பின்னால் இருந்து சொன்னாள்: "அப்பா, இனிமே நீங்க எண்ண வேண்டாம். தண்ணி பாட்டிலை மட்டும் புடிச்சுக்கோங்க." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது மார்கழி. காற்று கிழக்கே இருந்து வருகிறது. நோட்டில் 'காற்று' என்று மூன்றாவது கட்டம் போட்டிருக்கிறாள், எழுதுவதும் அவள்தான். ஐந்தாம் நம்பர் ஷூ வாங்கியாயிற்று. நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளை ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்க உங்களுக்கும் வாய் வந்தால், முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வண்டியில் உட்கார்ந்திருந்தால் தெரியாது. இறங்கி நிற்க வேண்டும்.