சுழி பாத்துத் துப்பாக்கி வாங்கு

வா மருமவனே, உக்காரு. சபரு முடிஞ்சு வந்து மூணு நாளாச்சு, இந்த மாமு வீட்டுக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சிருக்கு. அத்தர் பாட்டிலை அங்கிட்டு வச்சிட்டு விஷயத்துக்கு வா. துப்பாக்கி வாங்கப் போறியாமே? டீக்கடையில மூணு பேரு சொன்னான், மீன் ஏலம் போடுற இடத்துல ரெண்டு பேரு சொன்னான். யாருக்கும் தெரியாம வாங்கணும்னு நீ சொன்னதையும் அவனுங்களேதான் சொன்னானுங்க.

பழைய ரைஃபிளு, போல்ட்டை இழுத்து விட்டுச் சுடுற துரை காலத்துச் சாமான். ம். உங்க வாப்பா சபருலேர்ந்து வந்தப்ப டேப் ரெக்கார்டர் கொண்டாந்தாரு. அது நாகூர் ஹனிபா பாட்டாவது பாடுச்சு.

சரி, எதைச் சுடப் போறே? மயிலு? அது 1963-லேர்ந்து தேசியப் பறவை, உன்னையவிட அதுக்குத்தான் இந்த நாட்டுல மருவாதி. எதுத்தாப்புல இருக்கிற தீவுகளுக்குப் போலாம்னு பாக்குறியா? தூத்துக்குடியிலேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவையும் சேத்து 1986-லயே தேசியப் பூங்காவாக்கிட்டான். நாரை, கூழைக்கடாவா? சக்கரக்கோட்டைக் கம்மாயும் தேர்த்தங்கல் கம்மாயும் சரணாலயம். 1972-ல வன உயிர்ச் சட்டம் வந்துச்சு, 1991-ல அதைத் திருத்துனப்ப இந்த நாட்டுல வேட்டைக்கு ஃபாத்திஹா ஓதியாச்சு. காட்டுப்பன்னியைச் சுட அரசாணை வந்திருக்கேங்கிறியா? வந்துச்சுதான். 2025 தொடக்கத்துல, காப்புக்காட்டுலேருந்து 3 கிலோமீட்டருக்கு மேல தள்ளி வந்து பயிரை மேயுற பன்னியைச் சுடலாம்னான். வனத்துறைக்காரன் சுடலாம்னான், சபராளி சுடலாம்னு அதுல ஒரு எழுத்தும் இல்ல. ஆகக்கூடி உனக்கு மிச்சம் இருக்கிறது கொசு. அதுக்கு 8 மில்லிமீட்டர் தோட்டா கொஞ்சம் பெருசு.

செவுத்துல மாட்டுறதுக்கா? அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. மாமனார் வீட்டு ஆளுங்க வந்து உக்காரயில தலைக்கு மேல தொங்கணும். ஆனா துப்பாக்கியைப் பூட்டிப் பத்திரமா வைக்கணும்னு 2016 விதியில எழுதியிருக்கான். அப்பறம் எலெக்சன் இருக்கு. அறிவிச்ச கையோட ஸ்டேஷன்லேருந்து ஆளு வரும், சாமானைக் கொண்டாந்து ஒப்படைச்சிட்டு ரசீது வாங்கிக்கம்பான். பார்லிமெண்ட்டு, சட்டசபை, உள்ளாட்சின்னு ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. மாமனார் வர்ற நேரத்துக்குச் செவுத்துல ஆணியும், ஆணியில ரசீதும்தான் தொங்கும்.

இது இன்னைக்கு நேத்து வந்த கெடுபிடி இல்ல, பாத்துக்க. 1801-ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட கையோட கும்பினிக்காரன் இந்தச் சீமை பூராவும் ஆயுதத்தைப் புடுங்கினான். நம்ம ஆளுங்க எறிஞ்ச வளரியைக்கூட விடல. அந்த வளரியை எறியத் தனக்குச் சொல்லிக் கொடுத்ததே சின்ன மருதுதான்னு வெல்ஷுங்கிற வெள்ளைக்காரனே எழுதி வச்சிருக்கான். சொல்லிக் கொடுத்தவரை அவன் ஆளுங்களே தூக்குல போட்டானுங்க. ராமநாதபுரம் அரண்மனையில, ராமலிங்க விலாசத்துல, பழைய ஆயுதமெல்லாம் வச்சிருக்கான். போய்ப் பாரு. நுழைவுச் சீட்டுக் காசோட உன் ஆசை தீந்துச்சுன்னா லட்சம் லட்சமா மிச்சம்.

தீராதா? உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அப்ப மாமு சொல்றதைக் காதுல வாங்கிக்க.

துப்பாக்கியைப் பாக்கறதுக்கு முன்னாடி கடுதாசியைப் பாரு. பொண்ணு அழகா இருக்குன்னு மாப்பிள்ளை மயங்கலாம், ஜமாத் தப்தர்ல பேரு இருக்கணும்ல. மொதல்ல உன் பேருக்கு கலெக்டர் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் வேணும். ஏன் வேணும்னு கேப்பான். மாமனாருக்குக் காட்டன்னு எழுதிப்புடாதே. 2019-ல சட்டத்தைத் திருத்துனதுலேருந்து ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான். விக்கிறவனுக்கும் லைசென்ஸ் இருக்கணும், சாமானோட நம்பர் அதுல ஏறியிருக்கணும். இன்னாருக்கு விக்கப் போறேன்னு கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிச்சுத்தான் கை மாறணும். ‘அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் பாய், இப்ப எடுத்துட்டுப் போங்க’ன்னு ஒருத்தன் சொன்னா, குடிச்ச டீக்குக் காசைக் கொடுத்துட்டு எந்திரிச்சு வந்துரு.

அடுத்து, பேரல்ல என்ன எழுத்து வெட்டியிருக்குன்னு பாரு. .303-ன்னு இருந்தா தொடாதே. அது பட்டாளத்துத் தோட்டா, சனங்களுக்குத் தடை. அந்த மாதிரி சாமானோட மாட்டுனா 7 வருஷத்துக்குக் குறையாது, 14 வரைக்கும் போகும். உன் மவனுக்கு நிக்கா நடக்கையில நீ ஜெயில்லேருந்து துஆ செய்யணும். இது வெள்ளைக்காரன் காலத்துப் பயம். சிப்பாய்கிட்டேருந்து தோட்டா களவு போனா வெளியில இருக்கிறவன் துப்பாக்கிக்கு அது சேரக் கூடாதுன்னு பாத்தான். அதுக்காக அதே லீ என்ஃபீல்டு எந்திரத்துலயே வேற அளவுல, .315-ன்னு, 8 மில்லிமீட்டர்ல செஞ்சு இந்தியாவுல வித்தான். வங்காளத்துல இஷாப்பூர் ஃபாக்டரியில அதே அளவுலதான் செய்றான். உனக்குத் தோட்டா சுளுவா கிடைக்கிறது இதுக்குத்தான். ஜெர்மன் மவுசர், ரிக்பி, மான்லிக்கர்னு பேரைச் சொல்லி மயக்குவானுங்க. சாமான் தங்கம்தான், ஆனா அதுக்குத் தோட்டா தேடுறது குதிரைக்கொம்பு. 1980-கள்ல வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்னு போனதுலேருந்து, இருக்கிற பழசுக்கெல்லாம் வைரம் மாதிரி விலை சொல்றான்.

நீ பாக்கப் போறது என்ன, பி.எஸ்.ஏ.வா? அட, நம்ம சைக்கிள் கம்பெனி. சிரிக்காதே, நெசமாத்தான். 1861-ல பர்மிங்காம்ல துப்பாக்கி செய்யத்தான் அந்தக் கம்பெனியைத் தொடங்குனான், அப்பறம்தான் சைக்கிளு, மோட்டார் சைக்கிளு. மூணு துப்பாக்கியைச் சாத்தி வச்ச மாதிரிதான் அதுக்கு முத்திரை. அந்த முத்திரை தேயாம இருக்கான்னு பாரு. எழுத்தோட ஓரம் மழுங்கி, குழி மேடு தெரியாம, மொத்தச் சாமானும் புதுப் பொண்ணு மாதிரி பளபளன்னு கருநீலமா மின்னுச்சுன்னா யாரோ துருவை அரச்சு எடுத்துட்டுப் புதுசாப் பூச்சு ஏத்தியிருக்கான். திருகாணித் தலையையும் பாரு. காடி சிதைஞ்சிருந்தா வகை தெரியாதவன் கழட்டிப் பாத்திருக்கான். இஷாப்பூர் சாமானை பர்மிங்காம் சாமான்னு சொல்லி விக்கிறவனும் உண்டு.

மாடு வாங்கப் போனா நம்ம பெரியவங்க என்ன பாப்பாக? பல்லு, சுழி, குளம்பு. இதுக்கும் அதேதான்.

கையில வாங்குனதும் குழல் வாயைத் தரைப் பக்கம் காட்டி, போல்ட்டைப் பின்னால இழு. உள்ள தோட்டா இல்லைன்னு கண்ணால பாரு, விரலை விட்டும் பாரு. ‘காலிதான் பாய்’னு சொல்ற துப்பாக்கிதான் வெடிக்கும். அப்பறம் போல்ட்டை முழுசா உருவு. அதுல ஒரு நம்பர் இருக்கும், உடம்புல ஒரு நம்பர் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா வேற வீட்டுப் புள்ளை. போல்ட் மாறுனா, தோட்டாவோட அடிக்கும் போல்ட்டோட மூஞ்சிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மாறிப் போகும். மயிரிழை கூடுனா வெத்துத் தோட்டா கிழிஞ்சு, நெருப்பும் புகையும் உன் மூஞ்சிக்கு வரும். அதை அளக்க கேஜ் இருக்கு, துப்பாக்கி ரிப்பேர்க்காரர்கிட்டதான் இருக்கும். அவருக்குக் கொடுக்கிற கூலியில கஞ்சத்தனம் பண்ணாதே. போல்ட்டுல பூட்டிக்கிற காது இருக்குல்ல, மவுசருக்கு முன்னால, லீ என்ஃபீல்டுக்குப் பின்னால, அதுல முடி மாதிரி கீறல் தெரிஞ்சாலும் எந்திரிச்சுரு.

இப்ப சுழி. போல்ட்டை உருவுன ஓட்டை வழியா குழலுக்குள்ள பாரு. அந்தப் பக்கத்து வாய்க்கிட்ட வெள்ளைத் தாளைப் புடிச்சா வெளிச்சம் வரும். உள்ள சுருள் சுருளா வரி ஓடும். தோட்டா பம்பரமாச் சுத்திக்கிட்டு நேராப் போறது அந்தச் சுழியாலதான். வரி கூர்மையா, கண்ணாடி மாதிரி மின்னணும். அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா இருந்தா உப்பு தின்னிருக்கு. பழைய காலத்துத் தோட்டாவுல மருந்தைக் கொளுத்துற மூடியில குளோரேட்டு இருக்கும். சுட்டப்பறம் அது உப்பா மாறிக் குழலுக்குள்ள படிஞ்சுரும். எண்ணெய் போட்டா போவாது, தண்ணியிலதான் கரையும். அதனாலதான் அந்தக் காலத்து வேட்டைக்காரங்க வீட்டுக்கு வந்ததும் கொதிக்கிற தண்ணியைக் குழலுக்குள்ள ஊத்துவாக. நம்மூர்ல உள்ள இருக்கிற உப்பு பத்தாதுன்னு வெளியிலேருந்து கடக்காத்து வேற. எண்பதுகள்ல தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்களும் ஜப்பான் வாத்தியார்மாரும் நம்மூரு மண்ணைத் தோண்டுனாங்களே, என்ன கிடைச்சுச்சு? சீனத்துப் பீங்கான் ஓடு. எழுநூறு வருஷம் உப்பு மண்ணுல கிடந்தும் பூ வேலை அழியல. எத்தனை இரும்பு கிடைச்சுச்சுன்னு கேட்டுப் பாரு. பெரியபட்டினத்துல பீங்கான் வாங்குறவன் புத்திசாலி.

துரு எங்க ஒளிஞ்சிருக்கும் தெரியுமா? கண்ணுக்குத் தெரியுற இடத்துல இருக்காது, கட்டையும் இரும்பும் ஒட்டுற இடத்துக்குக் கீழ இருக்கும். வேர்வையும் மழைத்தண்ணியும் அங்கதான் எறங்கும். கட்டையைக் கழட்டிக் காட்டச் சொல்லு. அவன் இழுத்தடிச்சா அங்கதான் கதை இருக்கு. தேங்கா எண்ணெய் வாசம் வந்தாலும் சந்தோசப்படாதே. நம்ம ஆளுங்க தலைக்கும் அதுதான், துப்பாக்கிக்கும் அதுதான்னு தடவி விட்டுருவானுங்க. நாளாக ஆக அது பிசினாயிரும். போல்ட்டுக்குள்ள ஸ்பிரிங்கு கருப்பட்டிப் பாகுல விழுந்த எறும்பு மாதிரி நகரும்.

குழலோட வாய் நெளிஞ்சிருக்கான்னும் பாரு. நெளிஞ்ச வாயிலேருந்து தோட்டா நேராப் போகாது, நம்ம சம்பந்தி பேச்சு மாதிரி.

‘இதுலதான் கலெக்டர் துரை புலி சுட்டாரு’ன்னு ஒரு கதை வரும். ராமநாதபுரம் ஜில்லாவுல புலிக்கு எங்க போனாருன்னு கேக்காதே, பாவம். ஜிம் கார்பெட் 1907-ல சம்பாவத்துல ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டாரு. 436 பேரைத் தின்ன புலி. அதுக்காக கவர்னர் ஒரு ரிக்பி ரைஃபிள் பரிசு கொடுத்தாரு. அந்தக் கட்டையில வெள்ளித் தகடு அடிச்சு விவரம் பொறிச்சிருக்கு. கதை இருந்தா தகடு எங்கன்னு கேளு. தகடு இல்லாத கதைக்கு நம்ம டீக்கடையில காசு கிடையாது.

கடைசியா கட்டை. பின்பக்கம் கை புடிக்கிற இடத்துல மணிக்கட்டு மாதிரி ஒல்லியா இருக்கும் பாரு, ஒடையுறது எப்பவும் அங்கதான். நகத்தால தடவு. என்ன சொன்னான் அவன்? வண்ணாங்குண்டுப் பக்கத்து மொதலாளி வீட்டுச் சாமான், ஒரு தடவைகூடக் கீழ விழாததுன்னா?

அப்ப டிரிகர் வளையத்துக்குப் பின்னால பாரு. செம்பு ஆணித் தலை ஒண்ணு, மொளகு அளவுல இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? 1965. எனக்குப் பதிமூணு வயசு. அந்த மொதலாளிக்குத் தூக்குச்சட்டியும் தண்ணிக் கூஜாவும் தூக்குற வேலை. அன்னைக்கு ராவுல கருவக்காட்டுக்குள்ள அவரு ஒதுங்கப் போனாரு, துப்பாக்கியை என் கையில கொடுத்துட்டு. எதுத்தாப்புல பன்னி. சுடுன்னு யாரும் சொல்லல, சொன்னாலும் சுடத் தெரியாது. சாமானைப் போட்டுட்டுப் பனை மரத்துல ஏறிட்டேன். பன்னி அதும் மேல மிதிச்சுக்கிட்டுப் போயிருச்சு. இருட்டுல அவரு கவனிக்கல. துடைச்சு வைக்கிறேன்னு வாங்கிட்டு, விடியறதுக்குள்ள வள்ளம் கட்டுற ஓடாவி வீட்டுக்கு ஓடுனேன். அவரு குங்கிலியத்தைக் காய்ச்சி விரிசல்ல ஊத்தி, வள்ளத்துக்கு அடிக்கிற செம்பு ஆணியை அடிச்சு, மேல சாயம் தேச்சுக் கொடுத்தாரு. மொதலாளி மௌத்தாகுற வரைக்கும் அவருக்குத் தெரியாது. வள்ளமே தாங்குற ஆணி, இன்னும் தாங்குதான்னு எனக்கும் பாக்கணும்.

ஞாயித்துக்கிழமை அஸர் தொழுதுட்டுக் கிளம்புவோம். வெள்ளைத் தாளு ஒண்ணு எடுத்துக்க, டார்ச்சும் எடுத்துக்க. விலையை நீ பேசாதே, வாயைத் திறக்காம டீயைக் குடி. கீழ விழாத சாமான்னு அவன் மூணு தடவை சத்தியம் பண்ணட்டும். நாலாவது தடவை நான் ஆணியைக் காட்டுறேன். அவன் எவ்வளவு குறைக்கிறானோ அதுல பாதி உனக்கு. மீதி எனக்கு, அறுபது வருஷ ஆணி வாடகை.