சத்துமாவும் முகாரவிந்தமும்

1975-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் உதயமானபோது, அங்கன்வாடிப் பணியாளருக்குத் தராசும் பதிவேடும் பொறுமையுமே போதுமான உபகரணங்களாக இருந்தன. இன்றோ, மயிலாப்பூர்ச் சந்தொன்றின் அங்கன்வாடி மையத்திலே ஒரு கர்ப்பிணிக்குச் சத்துமாவுப் பொட்டலம் கொடுக்குமுன், அவள் இளைத்திருக்கிறாளா என்பதைவிட அவள் அவள்தானா என்பதையே ‘போஷண் டிராக்கர்’ என்னும் செயலி பிரதானமாக விசாரிக்கிறது. 2025 ஜூலை முதல் முகத்தைக் காட்டி மெய்ப்பித்தாக வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் சித்தம். ஆதாரில் உள்ள படமோ, விவாகத்துக்கு முன் அவள் மிரள மிரள விழித்தபோது எடுத்தது.

“கண்ணைச் சிமிட்டும்மா... இன்னொரு தரம்... வாசப்பக்கம் வா, இங்க டவர் இல்ல” என்று டீச்சர் மன்றாடுகிறார். முகம் தேறினாலும் ஓடிபி போவது தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் புருஷனின் எண்ணுக்கு. அவனோ, எவருக்கும் அதைச் சொல்லலாகாது என்ற போலீஸ் உபதேசத்தைச் சிரமேற்கொண்ட உத்தமன். இதற்குள் கைப்பேசியில் இடமில்லை என்ற அறிவிப்பு வருகிறது; மேலதிகாரிகளின் சுற்றறிக்கைகளையும் காலை வணக்க ரோஜாக்களையும் அழிக்க யாருக்குத் துணிவுண்டு? டீச்சர் பெருமூச்சுடன் பழைய பதிவேட்டைத் திறக்கிறார். அதையும் தவறாமல் எழுதி வைக்கத்தான் உத்தரவு.